செய்தொழிலில் நிறைவின்மையும் தொழில் மாற்றமும்

ஓர் ஊரின் வளத்தை அளவிடப் புகுவோர், அவ்வூரின் நிலத்தையும் நீரையும் கால்நடையையும் கணக்கெடுப்பர். அவற்றோடு சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. அவ்வூர் மக்கள் தாம் செய்யும் தொழிலில் எத்துணை மனநிறைவு கொண்டுள்ளனர் என்பதே அது. மனம் ஒன்றாத தொழிலில் கை நன்கு ஓடாது; கை ஓடாத இடத்தில் வருவாய் பெருகாது; வருவாய் பெருகாத வீட்டில் இளைஞர் தங்கார். ஆதலின், தொழிலில் நிறைவின்மை என்பது ஒரு தனி மனிதனின் மனக்குறை என்று தள்ளிவிடத் தக்கதன்று. ஊர் முன்னேற்றத்தில் நாட்டமுடையோர் யாவரும் ஆராய வேண்டிய பொருளாகும் அது.

திண்டுக்கல் நகரையும் அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களையும் எடுத்துக்கொள்வோம். பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கும் இளைஞனும், பஞ்சாலையில் இரவு முறை பார்க்கும் பெண்ணும், சின்னாளபட்டியில் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளியும், நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் கூலியாளும் ஒருநாள் இல்லாவிடில் ஒருநாள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே. "இந்த வேலையிலேயே இருப்பதா, வேறு வேலை தேடுவதா?" இக்கேள்விக்கு எல்லார்க்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் விடை காணும் முறை ஒன்று உண்டு. அம்முறையைப் படிப்படியாக விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

தொழில்கள் மாறிவந்த வரலாறு

தொழிலை மாற்றிக்கொள்ள விரும்புவோனை நிலையில்லாதவன் என்று பழிப்பது நம்மவரிடையே ஒரு வழக்கம். அப்பழி எல்லார்க்கும் பொருந்தாது என்பதை இவ்வட்டாரத்தின் வரலாறே காட்டும். திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்றது. சுருட்டுக்கும் புகையிலைக்கும் பெயர் பெற்றது. தோல் பதனிடுதலுக்கும் பெயர் பெற்றது. பின்னர் வேடசந்தூர் முதலான பகுதிகளில் நூற்பாலைகள் பெருகின. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையாக வளர்ந்தது. இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், வேறொரு தொழிலில் நிறைவு காணாத மக்களுக்குப் புகலிடமாக விளங்கியதுதான்.

சில மாற்றங்கள் மக்கள் விரும்பி ஏற்றவை. சில அவர்கள்மீது வந்து விழுந்தவை. தோல் பதனிடும் நிலையங்களை எண்ணிப் பார்ப்போம். அவை பலர்க்கு வேலை அளித்தன. அவற்றிலிருந்து வெளிவந்த கழிவுநீரோ நகரைச் சூழ்ந்த நிலத்தடி நீரைக் கெடுத்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் நிலையங்களைப் பற்றி அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில், வடார்க்காடு முதலிய மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டமும் சேர்ந்திருந்தது. கிணற்று நீர் உவர்த்துப்போன நிலத்தின் உழவன் வேறு தொழில் தேடினால் அதனைச் சோம்பல் என்று யார் கூறுவர்? ஒருவன் தொழிலை விட்டு விலகுகிறான் எனின், தொழில் அவனை முன்னரே விட்டு விலகிவிட்டதா என்பதையும் நாம் நோக்க வேண்டும்.

பூட்டுத் தொழில் கற்பிப்பது

இப்பொருளை நன்கு விளக்கும் எடுத்துக்காட்டு திண்டுக்கல் பூட்டே. நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையது இத்தொழில். இவ்வட்டாரத்தில் இரும்பு எளிதிற் கிடைத்தமையே இத்தொழில் இங்கு வேரூன்றக் காரணம் என்பர். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, கதவுப் பூட்டு, பெட்டிப் பூட்டு எனப் பல வகைகள் இங்குள்ள பட்டறைகளில் உருவாயின. கோயிற் கதவுகளுக்கும் பண்டகசாலைகளுக்கும் இவ்வூர்ப் பூட்டுகளை நாடி வந்தோர் பலர்.

இப்பூட்டின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நம் பாடத்திற்கு உதவும். பூட்டினுள் லீவர் எனப்படும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பும்போது, அதன் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைக் குறித்த உயரத்திற்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடுகளும் சரியான உயரத்தில் நின்றாலன்றித் தாழ் நகராது. ஒரு தகடு மயிரிழையளவு கூடினாலும் குறைந்தாலும் பூட்டுத் திறவாது. ஆகவே தகடுகளையும் சாவியையும் அரத்தால் ராவிப் பொருத்துபவனுக்குக் கண்ணளவும் கையளவும் பொறுமையும் ஒருங்கே அமைந்திருத்தல் வேண்டும். இத்திறமை ஓரிரு திங்களில் வருவதன்று.

இத்துணைத் திறமையும் உடையவன் ஏன் தன் மகனைப் பட்டறைக்கு அனுப்ப மறுக்கிறான்? காரணம் வெளிப்படை. கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில் வழங்கப்படுகிறது. அலிகார் நகரில் இயந்திரத்தால் செய்யப்படும் பூட்டுகள் மலிவான விலையில் கடைகளை நிரப்பின. கையால் செய்யப்படும் பூட்டு ஒன்றுக்குச் செல்லும் நேரத்தில் இயந்திரம் எத்தனையோ பூட்டுகளைச் செய்து முடிக்கும். விலையில் போட்டியிட வேண்டிய பட்டறைக்காரர் கூலியை உயர்த்த இயலாது நின்றனர். கூலி உயராத தொழிலுக்கு இளைஞர் வரவில்லை. இளைஞர் வராத தொழிலில் புதுமை தோன்றவில்லை. புதுமை தோன்றாத பொருளின் விலையும் உயரவில்லை. இவ்வாறு ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது.

2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முயற்சியால் விளைந்த நற்பேறு இது. ஆயினும் இக்குறியீடு செய்வது யாது, செய்யாதது யாது என்பதைத் தெளிவாக உணர்தல் வேண்டும். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிற இடத்துப் பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று பெயரிட்டு விற்பதை அது தடுக்கும். தொழிலாளியின் கூலியைத் தானாக உயர்த்தும் ஆற்றல் அதற்கு இல்லை. பெயரின் மதிப்பை நல்ல விலையாகவும், நல்ல விலையை நல்ல கூலியாகவும் மாற்றுவது சங்கமும் வணிகரும் தொழிலாளரும் கூடிச் செய்ய வேண்டிய பணி.

ஆக, பட்டறை இளைஞன்முன் இரண்டு வழிகள் உள்ளன. பெயர் பெற்ற தொழிலில் நின்று அதனைத் திருத்துவது ஒன்று. அத்தொழில் தந்த திறமையைக் கொண்டு வேறு தொழிலுக்குச் செல்வது மற்றொன்று. எதனைத் தேர்வது என்பதற்குமுன், தன் மனக்குறை எதிலிருந்து பிறக்கிறது என்பதை அவன் அறிய வேண்டும்.

மனக்குறையின் மூன்று வேர்கள்

நோயின் காரணம் அறியாமல் மருந்து கொடுக்கும் மருத்துவனை நாம் நம்புவதில்லை. வேலை பிடிக்கவில்லை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேலையை விடுபவனும் அத்தகையோனே. அச்சொல்லுக்குள் மூன்று வேறு குறைகள் மறைந்திருக்கக் கூடும்.

முதலாவது, வருவாய்க் குறை. வேலை பிடித்திருக்கிறது, உடன் உழைப்போரும் நல்லவர், ஆனால் வரும் பணம் குடும்பத்துக்குப் போதவில்லை. இந்நிலையில் இருப்பவன் தொழிலையே மாற்ற வேண்டிய தேவையில்லை. அதே தொழிலில் கூடுதல் திறமை பெறுவதோ, அதே திறமைக்குக் கூடுதல் கூலி தரும் இடத்தை நாடுவதோ போதும்.

இரண்டாவது, இடக் குறை. தொழில் பிடித்திருக்கிறது, ஆனால் வேலைத்தலம் கேடாக உள்ளது. மேற்பார்வையாளரின் கடுஞ்சொல், ஓய்வின்மை, காற்றோட்டமின்மை, பாதுகாப்பின்மை ஆகியவை இதில் அடங்கும். நூற்பாலைப் பஞ்சுத் தூசி நாள்பட்டால் நுரையீரலைத் தாக்கும் என்பது மருத்துவர் அறிந்த உண்மை. இத்தகைய குறைக்கு இடத்தை மாற்றுவதோ, இடத்தையே திருத்துவதோ மருந்தாகும்.

மூன்றாவது, தொழிற் குறை. கூலி போதும், இடமும் நன்று, ஆயினும் அவ்வேலையில் மனம் ஒன்றவில்லை. பத்தாண்டு கழிந்தாலும் இதே நிலையில்தான் இருப்போம் என்ற எண்ணம் வாட்டுகிறது. இதற்கு மட்டுமே தொழில் மாற்றம் சரியான மருந்து.

இம்மூன்றையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு திங்கள் காலம் ஒவ்வொரு நாள் மாலையும் அன்று மனத்தை வருத்தியது எது என்று ஒரு குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வருக. எழுதத் தெரியாதோர் வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். திங்கள் முடிவில் அக்குறிப்புகளைப் படித்தால், எந்த வேர் ஆழமாகச் சென்றுள்ளது என்பது தானே புலனாகும்.

இக்கரையும் அக்கரையும்: ஒரு கணக்கு

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நம் பழமொழி. அக்கரையின் பச்சையை அளந்து பார்க்கக் கணக்கு வேண்டும். விளக்கத்திற்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

சிற்றூரில் தன் வீட்டில் தங்கி, அருகிலுள்ள ஆலைக்குச் செல்லும் ஒருவன் திங்களுக்கு 12,000 ரூபாய் பெறுகிறான் எனக் கொள்வோம். பேருந்துக்கு 1,000 ரூபாய், வீட்டில் அவன் உணவுக்கான பங்கு 2,500 ரூபாய் எனின், எஞ்சுவது 8,500 ரூபாய். திருப்பூரில் 18,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலை இருப்பதாக அவனுக்குச் செய்தி வருகிறது. 6,000 ரூபாய் கூடுதல் என்றதும் அவன் மனம் துள்ளுகிறது. ஆனால் அங்கே அறை வாடகை 4,000 ரூபாய், உணவு 4,500 ரூபாய், ஊருக்கு வந்துபோகும் செலவு 1,000 ரூபாய் எனக் கழித்தால் எஞ்சுவது அதே 8,500 ரூபாய்தான். சம்பளம் ஒன்றரை மடங்கானது. சேமிப்பில் ஒரு ரூபாயும் கூடவில்லை. வீட்டில் அவன் செய்துவந்த ஆடுமாடு பராமரிப்பும் வயல் வேலையும் நின்றுபோன இழப்பு இதில் சேரவில்லை.

இக்கணக்கைக் கண்டு யாரும் வெளியூர் செல்லலாகாது என்று நாம் கூறவில்லை. அங்கே ஓராண்டில் கற்கும் தொழில் அவனை 25,000 ரூபாய் பெறும் நிலைக்கு உயர்த்துமாயின், முதலாண்டின் சமநிலை ஒரு முதலீடாகிவிடும். அங்கும் அதே வேலையைச் செய்துகொண்டு அதே நிலையில் இருப்பானாயின், அவன் இழந்தது வீடும் உறவும், பெற்றது ஏதுமில்லை. ஆகவே புதிய வேலையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டறிதல் வேண்டும். கையில் எஞ்சுவது எவ்வளவு? மூன்றாண்டில் கற்பது யாது?

வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். செலவையும் வரவையும் பின்னர் வந்து சேரும் ஊதியத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தபின் செயலில் இறங்குமாறு கூறியே அவ்வதிகாரத்தைத் தொடங்குகிறார். உழவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இன்றும் பொருந்தும் அறிவுரை அது.

விலக இயலாத வேலை

மனக்குறை உள்ளவன் வேலையை விட்டு விலகலாம் என்று கூறுவது எளிது. விலகும் உரிமையே மறுக்கப்படும்போது செய்வது என்ன? இவ்வினாவை இவ்வட்டாரப் பெண்கள் நன்கு அறிவர்.

மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால் ஒரு முறை பரவியிருந்தது. திண்டுக்கல் வட்டாரமும் அதற்கு விலக்கன்று. ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை மூன்றாண்டுக் காலம் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவர். திருமணச் செலவுக்கென ஒரு தொகையை ஒப்பந்த முடிவில் மொத்தமாகத் தருவதாகக் கூறுவர். இடையில் நோயுற்றோ மனம் நொந்தோ வெளியேறினால் அத்தொகை கைக்கு வாராது போகும். மகளின் திருமணத்தை எண்ணிய பெற்றோர் இதனை நற்பேறாகக் கருதினர். மகளோ வேலை எத்துணைக் கடினமாயினும் விலக இயலாது நின்றாள். 2011-ஆம் ஆண்டளவில் இம்முறையின் கேடுகள் உலகெங்கும் பேசப்பட்டன.

இங்கே பெற்றோர் அறிய வேண்டிய உண்மை ஒன்றுண்டு. மகள் உழைத்த உழைப்பின் கூலியே அத்தொகை; ஆலை தரும் பரிசு அன்று. கூலியை உரிய காலத்தில் வழங்குதல் சட்டம் விதித்த கடமை. 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டமும், பின்னர் அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டுக் கூலித் தொகுப்புச் சட்டமும் அதனையே கூறுகின்றன. முன்பணம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி ஒருவரை வேலையில் கட்டிவைப்பதும் குற்றமே. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதனைத் தடுக்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டால் விசாரணை நடைபெறும்.

மற்றொரு நிகழ்ச்சியும் நினைவுகூரத் தக்கது. 2021-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், திண்டுக்கல் வட்டாரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய இளம்பெண் கொலையுண்டார். அங்குப் பணியாற்றிய பெண்கள் வேலைத்தலத்தில் தாங்கள் அனுபவித்துவந்த தொல்லைகளை வெளியில் எடுத்துரைக்கத் துணிந்தனர். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. அதன் பயனாக 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அச்சங்கத்திற்கும் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்திற்கும் இடையே ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆடைகளை வாங்கும் எச் அண்ட் எம் என்ற அயல்நாட்டு நிறுவனமும் அதற்குத் துணையான ஒப்பந்தத்தில் சேர்ந்தது. உலகத் தொழிலாளர் உலகில் 'திண்டுக்கல் உடன்பாடு' என்றே அது பெயர் பெற்றது. தொழிலாளரிலிருந்தே சிலரைத் தேர்ந்து, வேலைத்தலத்தில் நிகழும் தொல்லைகளைக் கண்டு கூறும் பயிற்சி அளிப்பது அதன் சிறப்பான கூறுகளுள் ஒன்று.

முன்னர்க் கூறிய இடக் குறைக்கு இது ஒரு விடை. அப்பெண்களுள் பலர்க்கு வேறு வேலைக்குச் செல்லும் வாய்ப்பில்லை. வீட்டிற்கு அவ்வருவாய் தேவை. ஆகவே அவர்கள் வேலைத்தலத்தைத் திருத்த முனைந்தனர். தனியாளாய் நிற்பவனுக்கு விலகுதல் ஒன்றே வழியாகத் தோன்றும் இடத்தில், கூடி நிற்போர்க்கு வேறு வழியும் தோன்றுகிறது.

கைத்திறனை உடன் கொண்டு செல்க

தொழிற் குறையே தன் நோய் எனத் தெளிந்தவன் அடுத்து எண்ண வேண்டியது, இதுவரை கற்றதில் எதனை உடன் கொண்டு செல்லலாம் என்பது. பத்தாண்டு உழைத்தவன் புதிய தொழிலில் முதல் வகுப்பு மாணவனாகச் சேர வேண்டுவதில்லை.

மீண்டும் பூட்டுத் தொழிலாளியையே நோக்குவோம். அரத்தால் ராவுதல், அளவு குறித்தல், துளையிடுதல், இரு உறுப்புகளை இடைவெளியின்றிப் பொருத்துதல் ஆகியவை அவன் நாள்தோறும் செய்பவை. அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவு மாணவன் முதலாண்டில் கற்பவையும் பெரும்பாலும் இவையே. ஆயின் மாணவனிடம் சான்றிதழ் இருக்கிறது. பட்டறைத் தொழிலாளியிடம் அது இல்லை. தொழிற்சாலை வாயிலில் திறமை கண்ணுக்குத் தெரிவதில்லை. சான்றிதழே கண்ணுக்குத் தெரிகிறது.

இக்குறையை நீக்க வழிகள் உள்ளன. வயதும் வசதியும் உடைய இளைஞர் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரலாம். பிட்டர், மின்பணியாளர் போன்ற பிரிவுகள் இரண்டாண்டும், பற்றவைப்பு ஓராண்டும் கொண்டவை. குடும்பப் பொறுப்பால் வகுப்பில் அமர இயலாதோர், அனுபவத்தின் அடிப்படையில் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதற்கும் இடமுண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் தொழிற்சாலையில் பழகும் வாய்ப்பும் உண்டு. சொந்தத் தொழிலிலேயே நின்று முன்னேற விரும்புவோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகி, மானியத்துடன் கூடிய கடன் திட்டங்களை அறியலாம். கைவினைஞர்க்கென 2025-ஆம் ஆண்டில் தமிழக அரசு கலைஞர் கைவினைத் திட்டம் என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. எத்திட்டமாயினும் அப்போதைய விதிகளையும் கடைசி நாளையும் உரிய அலுவலகத்தில் நேரில் கேட்டறிதல் வேண்டும்.

இதே முறையில் ஒவ்வொருவரும் தம் திறமைகளைப் பட்டியலிடலாம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சிட்டுச் சாயமேற்றுபவர்க்கு நிறச்சேர்க்கை தெரியும். ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை ஏற்றுபவர்க்குக் காய்கறித் தரமும் விலைப்போக்கும் தெரியும். நிலக்கோட்டைப் பூக்காரர்க்கு எந்நாளில் எப்பூவுக்குத் தேவை மிகும் என்பது தெரியும். இவை யாவும் திறமைகளே. கூலியாள் தன்னைக் கூலியாள் என்று மட்டும் கருதிக்கொள்வதால் இவை கணக்கில் வாராமற் போகின்றன.

விலகுமுன் செய்ய வேண்டியவை

மாறுவது என்று முடிவு செய்தோர் கீழ்க்கண்டவற்றை மறவாது செய்க.

1. புதிய வேலை உறுதியாகுமுன் பழைய வேலையை விடற்க. வாய்ச்சொல்லை உறுதியெனக் கொள்ளற்க. பணி நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுக. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அதனை முதலாளியின் கடமையாகவே ஆக்கியுள்ளன.

2. மூன்று திங்கள் வீட்டுச் செலவுக்கான பணத்தை முன்னரே சேமித்து வைக்க. இது இல்லாதவன் கிடைத்த முதல் வேலையை ஏற்று, மீண்டும் அதே மனக்குறையில் விழுவான்.

3. வருங்கால வைப்பு நிதிக் கணக்கை அறிந்துகொள்க. வேலை மாறும்போது அதனை எடுத்துச் செலவழிப்பதைக் காட்டிலும் புதிய இடத்திற்கு மாற்றிக்கொள்வது நன்று. அந்நிதியின் ஓய்வூதியத்திற்குப் பத்தாண்டுப் பணிக்காலம் தேவை. இடையில் எடுத்துவிடுவோர் அதனை இழக்க நேரும்.

4. பணிக்கொடையைக் கணக்கிடுக. ஐந்தாண்டுத் தொடர்பணி முடித்த நிலையான தொழிலாளி, ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம் பெறுவது பொதுவிதி. மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கினால் தொகை கிடைக்கும். 12,000 ரூபாய் சம்பளத்தில் ஐந்தாண்டுக்கு அது ஏறத்தாழ 34,600 ரூபாய். நான்காண்டு முடிந்து அவசரத்தில் விலகுவோன், சில திங்கள் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் இத்தொகையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. அயல்நாட்டு வேலை எனின், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தாமா என்று உறுதி செய்க. நிலத்தையோ நகையையோ அடகு வைத்துப் பதிவில்லாத தரகரிடம் பணம் கொடுத்தோர் பட்ட துன்பம் எல்லா ஊர்களிலும் கேட்கப்படுவது. சுற்றுலா அனுமதியில் சென்று வேலை செய்யலாம் என்று கூறுவோர் சொல்லை நம்பற்க.

6. நல்ல முறையில் விடைபெறுக. முன்னறிவிப்புக் கொடுத்து, அனுபவச் சான்று பெற்று வெளியேறுவோனுக்கு அவ்வாயில் மூடுவதில்லை.

குடும்பத்தாரும் ஊராட்சியும் ஆற்ற வேண்டிய கடமை

தொழில் மாற்றம் தனி ஒருவன் முடிவாயினும், அதன் சுமை குடும்பம் முழுவதற்கும் உரியது. தந்தை தன் தொழிலை மகன் விடுவதைத் தனக்குற்ற இழிவாகக் கருதலாகாது. மகளின் விருப்பத்தைக் கேளாமல் அவளை ஆலை விடுதிக்கு அனுப்பலாகாது. ஆறு திங்கள் பயிற்சிக்காக வருவாய் குறையுமெனில், வீட்டார் கூடியமர்ந்து செலவைக் குறைக்கும் வழியைத் திட்டமிடுதல் வேண்டும்.

மன உறுதியால் வாழ்க்கையை மாற்றியமைத்தோர்க்கு இவ்வட்டாரத்திலேயே சான்றுண்டு. டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர். அக்காலத்தில் அந்நிலையுற்ற பெண்களுக்கு வீட்டு மூலையே கதி என்றிருந்தது. அவரோ தில்லி சென்று பயின்று 1936-இல் மருத்துவரானார். பெருநகரில் மருத்துவத் தொழில் நடத்திப் பொருளீட்டும் வாய்ப்பிருந்தும், தம் கணவர் டாக்டர் ஜி. இராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947-இல் சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார். கைத்தொழிலும் கல்வியும் பிரியாது வளர வேண்டும் என்ற நோக்குடன் 1956-இல் அங்குத் தொடங்கப்பெற்ற கிராமியக் கல்வி நிலையம், 1976-இல் பல்கலைக்கழக நிலையை எய்தியது. படித்தவன் கையால் உழைக்க நாணுவதும், கையால் உழைப்பவன் படிக்க அஞ்சுவதும் ஒழிந்தாலன்றி ஊர் முன்னேறாது என்ற கருத்தே அதன் அடிப்படை.

ஊராட்சி மன்றங்கள் செலவின்றிச் செய்யக்கூடிய பணிகள் சில உள்ளன. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தின் அறிவிப்புகளைப் பெற்று, ஊர் நூலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டலாம். தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம் நடைபெறும் நாளை முன்கூட்டியே அறிவிக்கலாம். வெளியூரில் வேலை செய்து திரும்பியோரைக் கிராம சபையில் பேசச் செய்து, அங்குள்ள சம்பளமும் செலவும் துன்பமும் நன்மையும் யாவை என்று இளைஞர்க்குக் கேட்பிக்கலாம். தரகர் பேச்சைவிட இவர்கள் பேச்சு நூறு மடங்கு பயனுடையது. ஆண்டுதோறும் எவர் எங்குச் சென்றார் என்ற பதிவேடு ஒன்று ஊரில் இருக்குமாயின், துன்பம் நேருங்கால் உதவி தேடுவதும் எளிதாகும்.

தொழிலில் நிறைவின்மை தோன்றுவது இழுக்கன்று. உழைப்புக்குத் தக்க மதிப்பை ஒருவன் எதிர்நோக்குகிறான் என்பதே அதன் பொருள். அந்நிறைவின்மையைக் கோபமாக்கி ஒரே நாளில் வேலையை உதறுபவனும், அதனை விதியென்று விழுங்கிக்கொண்டு முப்பதாண்டு வாடுபவனும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

மன்றங்களில் கலந்தாராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் கடந்த பத்தாண்டில் மறைந்த தொழில்கள் யாவை? அவற்றைச் செய்தோர் இன்று என்ன செய்கின்றனர்?

2. நம் ஊரிலிருந்து வெளியூர் சென்ற ஐவரின் வரவு செலவைக் கேட்டறிந்து, இப்பாடத்தில் கூறிய முறைப்படி கணக்கிடுக. கையில் எஞ்சுவது எவ்வளவு?

3. நம் ஊர்ப் பெண்கள் செல்லும் ஆலைகளில் கூலி மாதந்தோறும் முறையாக வழங்கப்படுகிறதா? இல்லையெனின் முறையிடும் வழி யாது?

4. சான்றிதழ் இல்லாத கைத்திறன் உடையோர் நம் ஊரில் எத்தனை பேர்? அவர்களைத் தொழிற்தேர்வுக்கு ஆயத்தம் செய்ய யார் பொறுப்பேற்பது?